வைஃபை வரவில்லை, வந்தும் வேலை செய்யவில்லை: இராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கான கேள்வி பதில்

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி எனக் கடலோர ஊர்களில் வீடு, கடை, விடுதி இணைய இணைப்புகளைச் சரிசெய்து கொடுக்கும் வேலையில் ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்துள்ளேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும்வரை புதிய கருவி எதையும் வாங்க வேண்டாம் என்பதே பெரும்பாலான பதில்களின் அடிப்படை.

வைஃபை கோடு ஃபுல்லா காட்டுது, ஆனா வாட்ஸ்அப்ல ஒரு படம்கூட இறங்கல. ஏன்?

அந்தக் கோடுகள் உங்கள் கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. ரவுட்டரிலிருந்து நிறுவனத்தின் நிலையம் வரை செல்லும் ஃபைபர் கம்பி அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுமையாகவே தெரியும். ஆகவே இணைப்பை இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: கைபேசி முதல் ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டர் முதல் வெளியுலகம் வரை மற்றொன்று.

எந்தப் பகுதியில் குறை என்பதை எளிதில் அறியலாம். கைபேசியின் பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டுங்கள். சில ரவுட்டர்களுக்கு 192.168.0.1 என்றிருக்கும், கருவியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் சரியான எண் அச்சிடப்பட்டிருக்கும். ரவுட்டரின் பக்கம் உடனே திறந்தால் வைஃபை நலமாகவே இருக்கிறது, குறை அதற்கு அப்பால் என்று பொருள். அந்தப் பக்கமே திறக்காவிட்டால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. எங்களிடம் வைஃபை பழுது என்று வருபவற்றில் கணிசமானவை இந்த ஒரு சோதனையிலேயே வைஃபை பழுது அல்ல என்று தெரிந்துவிடுகின்றன.

மோடத்துல சிவப்பு லைட் எரியுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடுமா?

ஃபைபர் மோடத்தில் 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், கம்பி வழியே வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் ஒளி வராது. முதலில் மோடத்தின் பின்னால் செருகியுள்ள மெல்லிய கம்பியைக் கவனியுங்கள்: பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கியோ, சுருட்டிக் கட்டியதில் கூராக மடிந்தோ இருந்தால் நேராக்குங்கள். அது சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லை என்றால் நிறுவனத்திடம் புகார் பதிவதே வழி. கம்பியின் முனையைக் கழற்றி உள்ளே உற்றுப் பார்க்கக் கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது.

சிவப்பு விளக்கு இல்லாமல் இணையம் மட்டும் நின்றிருந்தால் அணைத்துப் போடுவது பயன் தரும். மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் அணைத்து, அரை நிமிடம் விட்டு, மோடத்தை முதலிலும் அது நிலைபெற்ற பிறகு ரவுட்டரையும் போடுங்கள். ஊசியால் குத்தும் 'ரீசெட்' துளையை மட்டும் தொட வேண்டாம். அது மீள்தொடக்கம் அன்று; நிறுவனம் பதிந்துவைத்த பயனர் பெயர், கடவுச்சொல் அனைத்தையும் அழித்துவிடும், பிறகு ஆள் வந்துதான் மீண்டும் பதிய வேண்டும்.

எல்லார் போன்லயும் வருது, என் போன்ல மட்டும் வரல.

அப்படியானால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். கைபேசியில் அந்த வைஃபை பெயரை 'ஃபர்கெட்' செய்து, கடவுச்சொல்லை மீண்டும் இட்டு இணையுங்கள். வி.பி.என். செயலி (இணையப் போக்குவரத்தை மறைத்து வேறிடம் வழியாக அனுப்புவது) ஓடினால் நிறுத்துங்கள். தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள்; தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகக் கருதப்பட்டு, வங்கி முதலிய தளங்கள் திறக்க மறுக்கும். மடிக்கணினியில் ஐ.பி. முகவரி (வலையில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை என்று பொருள். அப்போது மட்டும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடலாம்.

ஹால்ல நல்லா வருது, பின்கட்டு ரூம்ல சுத்தமா இல்ல. பெரிய ஆன்டெனா ரவுட்டர் வாங்கவா?

வேண்டாம், முதலில் இருக்கும் ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள். இணைப்பு கொடுக்க வருபவர்கள் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே, பெரும்பாலும் வாசல் பக்கச் சுவரில், கருவியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் அலையில் பாதி தெருவுக்குப் போகிறது. பத்து மீட்டர் கூடுதல் கம்பிக்கு ஆகும் செலவு, புதிய ரவுட்டரின் விலையில் சிறு பங்குதான்.

இப்பகுதி வீடுகளுக்கென்று சில தடைகள் உண்டு. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய பழைய வீடுகளின் சுவர்கள் கனமானவை; அவற்றில் உப்பும் ஈரமும் ஊறியிருந்தால் அலையை இன்னும் கூடுதலாக விழுங்கும். புதிய வீடுகளில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வலை அதே வேலையைச் செய்கிறது. இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தகரக் கூரை ஆகியவை அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் நிரம்பிய தொட்டியும் நல்ல தடைதான்; மாடியில் சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வைஃபை இல்லை என்பவர்கள் இரண்டு எட்டு தள்ளி அமர்ந்தால் போதும். ஓலைக்கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பெரிதாகத் தடுப்பதில்லை.

ரவுட்டரை வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில், மூடிய அலமாரிக்கு வெளியே வையுங்கள். ஆன்டெனா குச்சியின் பக்கவாட்டில்தான் அலை அதிகம் பரவும், நுனியை நோக்கி அன்று. எனவே ஒரே தளத்துக்கு என்றால் குச்சிகள் நேராக நிற்கட்டும், மாடிக்கும் தேவை என்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள். இலவச வைஃபை அளவுச் செயலி ஒன்றில், அலையின் வலிமையைக் காட்டும் டி.பி.எம். எண்ணைப் பார்த்துக்கொண்டே அறை அறையாக நடந்தால் நிலைமை தெளிவாகும். அது எதிர்ம எண். மைனஸ் 50 மிக நன்று, மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குப் போதும், மைனஸ் 80ஐ நெருங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். எண் 3 குறைந்தாலே, அதாவது மைனஸ் 50 என்பது மைனஸ் 53 ஆனாலே, வந்து சேரும் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

ஒரே ரவுட்டர்ல ரெண்டு வைஃபை பேர் காட்டுது. எதுல சேரணும்?

ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. முன்னது சுவர்களைத் தாண்டித் தொலைவு செல்லும், வேகம் குறைவு. பின்னது வேகமானது, சுவர்களிடம் எளிதில் தோற்கும். ரவுட்டர் உள்ள அறையில் 5, பின்கட்டில் 2.4 என்று பயன்படுத்துங்கள். வைஃபை பல்பு, பிரின்டர், சிறிய கேமரா போன்றவற்றில் பல 2.4ஐ மட்டுமே அறியும். அவை 5இல் சேரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டியதில்லை.

5 உள்ள பேர் திடீர்னு காணாமப் போயி, கொஞ்ச நேரம் கழிச்சு தானா வருது. யாராவது ஹேக் பண்றாங்களா?

யாரும் ஊடுருவவில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சேனல்களை (அலைவரிசையின் எண்ணிட்ட பிரிவுகளை) வானிலை ரேடார் உள்ளிட்ட ரேடார்களும் பயன்படுத்துவதால், அங்கே ரேடார் ஒலிப்பதாகத் தோன்றினால் ரவுட்டர் விலகிவிட வேண்டும் என்பது விதி. வேறு சேனலுக்குச் செல்லும்; அதுவும் இந்த வரம்புக்குள் இருந்தால், குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து கேட்டுவிட்டுத்தான் மீண்டும் ஒலிபரப்பும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேனலை 36 முதல் 48க்குள் அல்லது 149 முதல் 161க்குள் நிறுத்திவிட்டால் இத்தொல்லை நின்றுவிடும்.

சாயங்காலம் ஆனா நெட் ஊர்ந்துக்கிட்டுப் போகுது. காலையில நல்லாத்தான் இருக்கு.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், அவற்றைப் பிரித்தறிய ஒரு லேன் கம்பி போதும். மாலையில் மடிக்கணினியைக் கம்பி மூலம் ரவுட்டருடன் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். கம்பியிலும் மெதுவாக இருந்தால் நெரிசல் நிறுவனத்தின் பக்கம்; வீட்டுக்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

கம்பியில் வேகமாகவும் வைஃபையில் மட்டும் மெதுவாகவும் இருந்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் ஒரே சேனலில் மோதுகின்றன. இராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிக்கு விடுதி பல ரவுட்டர்கள் இருப்பதால் இது அன்றாடக் காட்சி. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று கலக்காதவை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே. செயலியில் பார்த்து இவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். கூட்டமே இல்லை என்று 3ஐயோ 8ஐயோ தேர்ந்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில் இயங்குவதால் அது ஓடும்போது மட்டும் தடங்கல் வந்தால் வியக்க வேண்டாம்.

100 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டிருக்கேன், டவுன்லோட்ல 12தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?

இல்லை. திட்டத்தின் வேகம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது, தரவிறக்கம் பைட் கணக்கில் காட்டப்படுகிறது. 8 பிட் ஒரு பைட் என்பதால் 100 என்பது 12.5 ஆகிறது.

கடல் காத்துல ரவுட்டர் கெட்டுப்போகுமா? பக்கத்து வீட்டுல மூணாவது மாத்திட்டாங்க.

கெடும், ஆனால் பெரும்பாலும் ரவுட்டர் கெடுவதில்லை, அதனுடன் சேரும் இணைப்பு முனைகள்தான் கெடுகின்றன. காற்றில் வரும் உப்புத்துகள் உலோகத்தின் மீது படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். மாடியிலிருந்து இறங்கும் லேன் கம்பியின் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டு ஊசிகளில் ஒன்றிரண்டின் பொன்முலாம் போய், ஓரத்தில் பச்சைத் தூள் ஒட்டியிருக்கும். இப்படிப்பட்ட முனை அடியோடு நின்றுவிடுவதில்லை. வெயிலில் காய்ந்தால் வேலை செய்யும். வாடைக் காற்று வீசும் இரவில் நின்றுவிடும். சில நேரம் 1000 எம்.பி.பி.எஸ். இணைப்பு ஓசையின்றி 100க்கு இறங்கிவிடும், ஏனெனில் 100க்கு நான்கு ஊசிகள் போதும், 1000க்கு எட்டும் வேண்டும். வேகம் 95ஐ ஒட்டியே நின்று மேலே ஏற மறுத்தால் இந்தப் பிளக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

லேன் கம்பி வழியாகவே மின்சாரமும் செல்லும் கேமரா, வெளிப்புற ஆன்டெனா ஆகியவற்றில் அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். ஈரமுள்ள முனையில் நேர்மின்னோட்டம் பாய்வது முலாம் பூசும் தொட்டியில் நடப்பதைப் போன்ற வேலையையே தலைகீழாகச் செய்கிறது. வெளிமுனைகளைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் சுற்றுங்கள். கம்பி வீட்டுக்குள் நுழையும் முன் சற்றுத் தொங்கலாக வளைத்து விட்டால் மழைநீர் கம்பி வழியே உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஐப்பசி மழைக்கு முன் வெளிப் பிளக்குகளை வெட்டிப் புதிதாகப் போட்டுவிடுவது மலிவான காப்பு. துடைக்க மண்ணெண்ணெயோ தண்ணீரோ வேண்டாம், மின்முனைகளுக்கான கான்டாக்ட் கிளீனர் கடையில் கிடைக்கும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது எளிது: கடலைப் பார்த்த சன்னலில் ரவுட்டரை வைக்காதீர்கள். அடாப்டரின் முனையை அவ்வப்போது கழற்றிச் செருகுங்கள். ரவுட்டர் தானாக அணைந்து எரிந்தால், முதலில் அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டில் மாற்றிய மூன்றில் ஒன்றாவது அடாப்டர் கோளாறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இடி மழையில வைஃபை ஏன் கட் ஆகுது? ஃபைபர்தானே, இடி தாக்காதுல்ல?

மழைத்துளிகள் வீட்டு வைஃபையை மறைப்பதில்லை. மழையில் நிற்பது பெரும்பாலும் மின்சாரம்தான். மோடம், ரவுட்டர் இரண்டையும் தாங்கும் சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று இதற்குப் போதுமானது. ரவுட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மோடத்தை விட்டுவிட்டால், முதல் பதிலில் சொன்னதுபோலக் கோடுகள் முழுமையாகத் தெரியும், இணையம் இருக்காது.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் தெருவிலிருந்து வரும் ஃபைபர் கம்பியில் தாங்கலுக்காக இரும்புக் கம்பி சேர்த்திருப்பார்கள். அடாப்டரும் மாடி லேன் கம்பியும் வேறு இருக்கின்றன. இடி நெருங்கும்போது அடாப்டரையும் மாடியிலிருந்து வரும் கம்பியையும் உருவிவிடுங்கள்.

லாட்ஜ் வைஃபைல சேருது, ஆனா நம்பர் கேக்குற பேஜ் வரமாட்டேங்குது.

அந்த நுழைவுப் பக்கம், நீங்கள் திறக்கும் முதல் தளத்தை இடைமறித்துத்தான் தோன்றும். பாதுகாக்கப்பட்ட தளங்களை அப்படி இடைமறிக்க முடியாது. வி.பி.என்.ஐயும் தளப் பெயர்த் தேடலை மறைத்து அனுப்பும், கைபேசி அமைப்பிலுள்ள 'பிரைவேட் டி.என்.எஸ்.'ஐயும் அணைத்துவிட்டு, வைஃபையில் மீண்டும் சேருங்கள். உள்ளே நுழைந்த பிறகு அவற்றைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மகன் துபாய்ல இருக்கான். வாட்ஸ்அப்ல எழுத்து போகுது, வீடியோ கால் மட்டும் சேரல. எங்க வைஃபைலதான் குறையா?

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இதைக் கேட்காத வாரமில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், காணொளி அழைப்புகளுக்கு நெடுங்காலமாகவே கட்டுப்பாடு உண்டு. செய்தியும் படமும் மட்டும் செல்லும். உங்கள் ரவுட்டரை மாற்றுவதால் எதுவும் மாறாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை இரு பக்கமும் பயன்படுத்தலாம். ஊருக்குள்ளேயே இருப்பவருடனும் காணொளி சேரவில்லை என்றால் மட்டும் மேலே சொன்ன டி.பி.எம். சோதனைக்கு வாருங்கள்.

தனுஷ்கோடி போனா 'இலங்கைக்கு வரவேற்கிறோம்'னு மெசேஜ் வருது. காசு பிடிச்சிருவாங்களா?

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுதான். இடையில் மரமோ கட்டடமோ இல்லை. வெப்பக் காற்றும் ஈரக் காற்றும் கடல்மேல் அடுக்காகப் படியும் நாள்களில் அலைகள் அவற்றுக்கிடையே வளைந்து வழக்கத்தைவிடத் தொலைவு செல்லும். இலங்கை வானொலியைத் தெளிவாகக் கேட்டு வளர்ந்த கரைக்கு இது புதிதன்று. நம் பக்கக் கோபுரம் வலுவிழந்த இடத்தில் கைபேசி அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது.

பன்னாட்டு ரோமிங் வசதியை நீங்கள் பெற்றிருந்தால்தான் அழைப்புக்கும் டேட்டாவுக்கும் கட்டணம் வரும். இருந்தாலும் 'டேட்டா ரோமிங்'கை அணைத்து, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். திரும்பியதும் தானியங்கிக்கு மாற்ற மறந்தால், 'ஊருக்கு வந்தும் டவர் இல்லை' என்று அடுத்த கேள்வியுடன் வருவீர்கள்.

படகுல எவ்வளவு தூரம் வரைக்கும் டவர் கிடைக்கும்?

பூமியின் வளைவே எல்லை. 40 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். படகில் 2 மீட்டர் உயரத்தில் உள்ள கைபேசிக்கு மேலும் 5. வளிமண்டலம் அலையைச் சற்று வளைப்பதால் 30ஐத் தாண்டவும் கூடும். ஆனால் கோபுர ஆன்டெனாக்கள் ஊரை நோக்கிக் கீழே சாய்த்துக் கட்டப்பட்டிருப்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். கைபேசியை வீல்ஹவுஸ் கூரையளவு உயரத்தில் வைத்து அதிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் சிறிது கூடுதல் கிடைக்கும். ஆபத்துக் காலத்துக்குக் கைபேசியை நம்பிச் செல்லக் கூடாது, படகில் வைக்கும் வி.எச்.எஃப். கம்பியில்லாக் கருவியின் 16ஆம் சேனலே அதற்கு உரியது. கோபுரம் கிடைக்கும் எல்லைக்குள் இருந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

எக்ஸ்டெண்டர் வாங்கலாமா? கடையில 'டவர் பூஸ்டர்'னு ஒண்ணும் சொல்றாங்க.

இரண்டும் வேறு வேறு. கைபேசிக் கோபுர அலையைப் பெருக்கும் பூஸ்டரை உரிமமின்றி வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஊர் முழுவதற்கும் அலை கெடவும் அது காரணமாகலாம். ரவுட்டரின் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் வைஃபை எக்ஸ்டெண்டரை வாங்கத் தடையில்லை. ஆனால் வாங்குபவர்கள் அதை வைஃபை வராத அறையிலேயே செருகுகிறார்கள். வராத இடத்தில் அதற்கும் வராது. மைனஸ் 65 அளவில் அலை இருக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். சுவரில் லேன் கம்பி இழுக்க முடிந்தால், பழைய ரவுட்டரையே 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் (கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாக மட்டும் தரும்படி) மறுமுனையில் வைப்பது எக்ஸ்டெண்டரைவிட எப்போதும் மேல்.

வீட்டுல இருந்து இறால் பண்ணைக்கு ஒரு கிலோமீட்டர். கேமராவுக்கு வைஃபை கொண்டு போக முடியுமா?

முடியும், ஆனால் வீட்டு ரவுட்டரால் அன்று. ஒரே திசையில் அலை அனுப்பும் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவிகள் இரண்டு வேண்டும். 2018 முதல் இந்த அலைவரிசையை வெளிப்புறத்திலும் ஆற்றல் வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். சேனலை மேலே சொன்ன 149 முதல் 161க்குள் வையுங்கள்.

கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் போதும் என்று நினைப்பது தவறு. அலை நூல்போலச் செல்வதில்லை. ஒரு கிலோமீட்டர் தொலைவின் நடுவில் அது சுற்றிலும் மூன்றரை மீட்டருக்கு மேல் புடைத்திருக்கும், அதில் அறுபது விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். நம் பகுதியில் அங்கே குறுக்கே வருவது சீமைக்கருவேலம். கம்பம் நட்ட நாளில் முழங்கால் உயரம் இருந்த புதர் இரண்டு மழைக்குப் பிறகு அலையின் அடிவயிற்றைத் தொடும். காற்றடித்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். நடுவழியில் தென்னை இருந்தாலும் இதே கதை.

குளத்து நீர் இன்னொரு சிக்கல். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையுடன் மோதி, சில உயரங்களில் அதை அழித்துவிடும். நீர்மட்டம் மாறும்போது அந்த உயரமும் மாறும். கம்பத்தில் ஆன்டெனாவை ஒரு மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பார்த்தால் நிலையான இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். திசை பொருத்தும்போது இரு முனையிலும் ஆள் நின்று, கைபேசியில் டி.பி.எம். எண்ணைச் சொல்லிக்கொண்டே மிக மெதுவாகத் திருப்புங்கள். முதலில் கிடைக்கும் உச்சத்தில் நின்றுவிடாமல் இருபுறமும் இன்னும் சிறிது திருப்பிப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஆன்டெனாவின் பக்கக் கிளை அலையும் சிறிய உச்சம் ஒன்றைக் காட்டும். உண்மையான உச்சம் அதைவிடப் பத்துக்கு மேல் கூடுதலாக இருக்கும். அங்கே நிறுத்தித் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டால் முறுக்கிவிடுங்கள். சாதாரண இரும்புப் போல்ட் போட்டால் அடுத்த ஆண்டு திசையைச் சரிசெய்ய அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.